முன்னால் போய்ப் பார்த்தவர்

அக்காவோடு எங்கே போனாலும் நமக்குத்தான் அது முதல் முறை. அவருக்கு இரண்டாவது முறையாக இருக்கும். ஹோட்டலோ, சினிமாவோ, கல்யாண மண்டபமோ, எதுவானாலும் அதற்குள் தனியாக ஒரு நடை போய் நோட்டம் விட்டுவிட்டு வந்திருப்பார். "பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்பதைத்தான் ஒரு நாளில் அதிகம் சொல்வார். காபி குடிக்கலாமா என்று கேட்டால்கூட அதே பதில்தான்.

நாங்கள் நான்கு பேர். தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியில், தினமும் ஒன்றாகப் போய் வருகிறவர்கள். அக்காவும் நானும் தாம்பரத்தில் ஏறுவோம். மங்களம் குரோம்பேட்டையில் ஏறுவாள், ஸ்டெல்லா பல்லாவரத்தில். நான் எழும்பூரில் ஒரு அரசாங்க ஆபீசில் டைப்பிஸ்ட். மற்றவர்களுக்கு வேறு வேறு ஆபீஸ். ரயிலை விட்டு இறங்கினால் ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லை. ஆனால் ரயிலுக்குள் பேசாத விஷயம் கிடையாது. அக்காதான் மூத்தவர், நாற்பதைத் தாண்டியவர். கிழக்குத் தாம்பரத்தில் வீடு, பிள்ளைகள் இல்லை, வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனிதர். அந்த வீட்டில் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் அக்கா ரயிலில் செலவழிக்கிறார் என்று மங்களம் சொல்வாள்.

மங்களத்துக்கு ஒருமுறை கடைவாய்ப் பல்லில் வலி. டாக்டரிடம் போகப் பயந்து கிராம்பை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினாள். அக்கா என்ன செய்தார் தெரியுமா? தன் பல்லில் ஒரு சொத்தைகூட இல்லாமல், தாம்பரத்தில் புதிதாக வந்திருந்த பல் டாக்டரிடம் போய் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்திருக்கிறார். டாக்டர் எல்லாப் பல்லையும் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானேம்மா இருக்கு, எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டாராம்.

"என் ஃப்ரெண்டுக்குப் பல் பிடுங்கணும் சார். உங்க கை நடுங்குதான்னு பார்க்க வந்தேன்."

இதை அக்கா சாதாரணமாகத்தான் எங்களிடம் சொன்னார். பெட்டியே சிரித்தது. அவர் மட்டும் எதற்குச் சிரிக்கிறோம் என்று விழித்தார். மங்களம் மறுநாளே போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டாள்.

சினிமா என்றால் இன்னும் மோசம். முதல் வாரமே தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இடைவேளைக்கு அப்புறம் ஒரு சாவு இருக்கு, கைக்குட்டை எடுத்துக்கோங்க" என்பார். ஸ்டெல்லா காதைப் பொத்திக்கொண்டு, "கதையைச் சொல்லாதீங்கக்கா!" என்று கத்துவாள். "கதையை எங்கே சொன்னேன்? சாவை மட்டும்தானே சொன்னேன்" என்பார் அக்கா.

ஸ்டெல்லாவுக்கு மாப்பிள்ளை அமைந்தபோதும் அப்படித்தான். பையனுக்கு பம்பாயில் வேலை, வீடு சைதாப்பேட்டையில். அக்கா ஒரு நாள் ஆபீசிலிருந்து திரும்பும்போது சைதாப்பேட்டையில் இறங்கி, அந்தத் தெருவின் தண்ணீர்க் குழாயடியில் நின்று விசாரித்துவிட்டு வந்தார். மறுநாள் ஸ்டெல்லா ஏறியதும் ஏறாததுமாகத் தீர்ப்புச் சொன்னார்.

"அந்த வீட்டுல ராத்திரி எல்லாரும் ஒண்ணா உக்காந்துதான் சாப்பிடறாங்களாம். மருமக கடைசின்னு இல்லையாம். தைரியமா பண்ணிக்கோ."

எனக்கு இதெல்லாம் சிரிப்பாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். போகிற இடத்தில் என்ன இருக்கிறது என்று முன்பே தெரிந்துவிட்டால் அப்புறம் எதற்குப் போகவேண்டும்? கேட்டும் இருக்கிறேன். "உனக்கு என்ன, நீ எதுக்கும் பயப்பட மாட்டே" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இங்கே என் காலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து என் வலது கால் சூம்பிவிட்டது. இடது காலைவிடக் குட்டை. முழங்காலில் கையை ஊன்றி அழுத்தித்தான் அடுத்த அடி வைக்க முடியும். நடப்பது எனக்குப் பெரிய கஷ்டம் இல்லை. நடப்பதைப் பிறர் பார்ப்பதுதான் கஷ்டம். "ஐயோ பாவம்" என்ற சொல்லை எங்கேயாவது கேட்டால் அன்று முழுவதும் எனக்கு டைப் அடிக்க வராது, எல்லாம் தப்புத் தப்பாக விழும்.

வேலையில் சேர்ந்த முதல் நாள், ரயில் கிளம்பும் நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். பெட்டி நிறைந்துவிட்டது. யாரோ ஒரு அம்மாள், "பாவம், காலு சரியில்லாத பொண்ணு, இடம் விடுங்க" என்று உரக்கச் சொன்னார். இடம் கொடுத்தார்கள். நான் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்தபடி எழும்பூர்வரை நின்றேன். வீம்புதான், வேறென்ன. மறுநாளும் நின்றேன். அதற்கு அடுத்த நாள், ஜன்னல் ஓரத்தில் இருந்த, முன்பின் தெரியாத ஒரு பெண் எழுந்து என் கையில் ஒரு கனமான பையைத் திணித்தார்.

"உள்ளே குழம்பு இருக்கு, சாஞ்சா கொட்டிடும். கொஞ்சம் மடியிலே வெச்சுப் பிடிச்சுக்கோயேன். எனக்கு இன்னிக்கு நின்னாத்தான் முதுகுக்கு நல்லாயிருக்கும்."

மடியில் வைத்துக்கொள்ள வேண்டுமானால் உட்காரத்தானே வேண்டும்? உட்கார்ந்தேன். அப்படித்தான் அக்கா எனக்குப் பழக்கமானார். அந்தக் குழம்பு பல மாதங்கள் வந்தது. அவர் முதுகும் பல மாதங்கள் வலித்தது. பையைத் திறந்து பார்க்க எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

ஸ்டெல்லாவுக்கு மாப்பிள்ளை அமைந்த அந்த வருஷம் மங்களத்துக்கு ஏதோ வேண்டுதல். ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று குன்றத்தூர் முருகன் கோவிலுக்குப் போகலாம் என்று எல்லோரையும் கிளப்பினாள். அக்காவும் ஸ்டெல்லாவும் கிறிஸ்தவர்கள், சர்ச் முடிந்து நேராக வந்து சேர்ந்துகொண்டார்கள். அக்கா முன்னால் போய்ப் பார்க்காத ஒரே பயணம் அது. மலையடியில் இறங்கிப் படிகளை அண்ணாந்து பார்த்தேன். "எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது, நீங்க போய்ட்டு வாங்க. நான் செருப்பைப் பார்த்துக்கறேன்" என்று சொன்னேன். என் கைப்பையில் முருகன் படம் இருந்தது.

அவர்கள் ஏறிப்போனதும் செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். பூ விற்கிற அம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம் கழித்து, "ஏம்மா, தூக்கிகினு போவ ஆளு கீது. கூப்புடட்டா? முருகனைப் பாக்காம போவாதம்மா" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். நான்தான் வள்ளென்று விழுந்தேன். "நான் என்ன மூட்டையா, தூக்கிக்கிட்டுப் போறதுக்கு?"

திரும்பினால் அக்கா நின்றுகொண்டிருந்தார். பாதிப் படியிலேயே இறங்கி வந்துவிட்டிருக்கிறார். "மூச்சு வாங்குது, வயசாயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டு என் பக்கத்தில் செருப்புகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். வேர்க்கடலை வாங்கி, தோலை ஊதி ஊதி எனக்குக் கொடுத்தார். மற்றவர்கள் இறங்கிவரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

மறுநாள் திங்கட்கிழமை, பல்லாவரம் தாண்டியதும் ஆரம்பித்தார்.

"நாம எல்லாரும் ஒரு தோட்டத்துக்குப் போறோம்."

தோட்டம் எது என்பது எங்களுக்குத் தெரியும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அக்கா ஒருவரிடம்தான் காய் வாங்குவார். பொழிச்சலூர்ப் பக்கத்துக்காரர். சுற்றிலும் எல்லோரும் சீமை உரத்துக்கும் பூச்சி மருந்துக்கும் மாறிக்கொண்டிருந்த சமயம். சந்தையில் கத்தரிக்காயெல்லாம் எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். இவர் குவியல் மட்டும் சின்னதும் பெரிதுமாக, அங்கங்கே ஓட்டையோடு இருக்கும். சாணி எருவும் தழையும் சாம்பலும் தவிர இவர் மண்ணில் எதையும் போடுவதில்லை. மங்களம் ஒருநாள் அந்தக் காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னக்கா இது, புழு தின்னதைக் காசு குடுத்து வாங்கியிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"புழு தின்னுட்டு உயிரோட இருக்கு பாரு. அதுக்கு ஒண்ணும் ஆகலைன்னா நமக்கும் ஆகாது."

அந்தத் தோட்டக்காரர்தான் வீட்டுக்கு வாருங்கள், காயைச் செடியிலேயே பறித்துக்கொள்ளலாம், என் பெண்சாதி பூத்தோட்டம் போட்டிருக்கிறாள் என்று அழைத்திருந்தாராம். "பம்மல்ல பஸ்ஸை விட்டு இறங்கினா, கொஞ்சம் நடை. அவ்வளவுதான்" என்றார் அக்கா. நடை என்றதும் நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அதை அவர் கவனித்திருக்க வேண்டும். "எல்லாரும் வந்தாத்தான் போறோம். ஒருத்தர் வரலைன்னாலும் கிடையாது" என்று அப்போதே சட்டம் போட்டுவிட்டார்.

எனக்குப் போகிற எண்ணமே இல்லை. மறுபடியும் எங்காவது செருப்புக்குக் காவல் உட்காரமுடியாது. ஒவ்வொரு தேதிக்கும் ஒரு சாக்கைத் தயாராக வைத்திருந்தேன். மாமா பேரனுக்குக் காதுகுத்து, தம்பிக்குப் பரீட்சை, ஊரிலிருந்து சித்தப்பா. ஆனால் அவற்றைச் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. அக்காவே தேதியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். போய்ப் பார்த்துவிட்டு வருவார், வந்து ஏதாவது சொல்வார்.

"வரப்பு இன்னும் ஈரமாயிருக்கு. கால் வழுக்கும்."

"அறுப்பு முடியட்டும். இப்ப வரப்புல நெல்லு சாஞ்சு கிடக்கு, வழி குறுகலா இருக்கு."

"பூவரச மரத்து நிழல் காலையில அந்தப் பக்கம் விழுது. கொஞ்ச நேரம் கழிச்சுப் போனாத்தான் இந்தப் பக்கம் வருது."

நிழல் எந்தப் பக்கம் விழுந்தால் என்ன என்று யாருக்கும் புரியவில்லை. மங்களம் ஒருநாள் பொறுமை இழந்துவிட்டாள். "நிலாவுக்கே போய்க் கொடி நட்டுட்டு வந்துட்டாங்க. நாலு கத்தரிச் செடியைப் பாக்க இவ்வளவு பிளானாக்கா?"

"நிலாவுக்குப் போனவங்களும் முன்னாடி பல தடவை சுத்திப் பார்த்துட்டுத்தானே இறங்கினாங்க?" என்றார் அக்கா. பேச்சில் அவரை மடக்க முடியாது.

பொங்கல் முடிந்தது. ஸ்டெல்லாவுக்கு ஈஸ்டர் கழித்துக் கல்யாணம், உடனே பம்பாய். அதற்கு முன் தவக்காலம் ஆரம்பித்துவிட்டால் அவள் வீட்டில் எங்கேயும் அனுப்ப மாட்டார்கள். ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க வரலைன்னா அக்கா யாரையும் விடமாட்டாங்க. இதுக்கப்புறம் நாம நாலு பேரும் எங்கே ஒண்ணா போகப்போறோம்? எனக்காக வாங்க." அவள் கண் கலங்கியிருந்தது. வருகிறேன் என்று சொல்லித் தொலைத்தேன். அக்கா மாசி பிறப்பதற்கு முன்னால் வரும் இரண்டாம் சனிக்கிழமை என்று குறித்தார். ஆபீஸ் விடுமுறை, வரப்பு காய்ந்திருக்கும், நிழலும் சரியான பக்கம் விழுமாம்.

"ஞாயித்துக்கிழமை கடைசியா ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்" என்றார்.

திங்கட்கிழமை தாம்பரம் பிளாட்பாரத்தில் அக்கா இல்லை. அவர் வீட்டுக்காரர் நின்றிருந்தார். பெண்கள் பெட்டிக்கு அருகே வரக் கூச்சப்பட்டு, தள்ளி ஒரு தூணோரம் நின்று கையைக் காட்டினார். நான் போனேன்.

"வரப்புல வழுக்கி விழுந்துட்டா. கணுக்கால் எலும்பு முறிஞ்சிருக்கு, மாவுக்கட்டு போட்டிருக்கு. சனிக்கிழமை நீங்க எல்லாரும் போயே ஆகணும்னு சொல்லச் சொன்னா."

அவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். காய்ந்த வரப்பில் எப்படி வழுக்கும் என்று யோசித்துக்கொண்டே குரோம்பேட்டைவரை போனேன்.

அன்று சாயங்காலம் மூவரும் பார்க்கப் போனோம். அக்கா கட்டிலில் சாய்ந்து, கட்டுப்போட்ட காலை ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்திருந்தார். முகம் வாடியிருந்தது, வாய் மட்டும் வாடவில்லை.

"ஒத்திப் போட்டுடலாம்க்கா. எல்லாரும் வந்தாத்தான்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றேன். என் குரலில் இருந்த நிம்மதி எனக்கே கேட்டது.

"சட்டம் போட்டது நான். இப்ப நானே எடுத்துட்டேன். ஸ்டெல்லா போயிட்டா அப்புறம் யாரை வெச்சுக்கிட்டுப் போறது?" என்றவர் என்னைப் பார்த்தார். "நீ போய்ட்டு வா. நான்தான் பார்த்துட்டேனே."

சனிக்கிழமை பம்மலில் இறங்கினோம். தோட்டக்காரர் தலையில் துண்டோடு காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், காய்ந்த உடம்பு. என் காலை ஒருமுறை பார்த்துவிட்டு உடனே பார்வையை எடுத்துக்கொண்டார். மெதுவாக முன்னால் நடந்தார். எனக்கு ஏற்கெனவே முகம் கடுத்துவிட்டது. சாலையிலிருந்து இறங்கிக் கொஞ்ச தூரம் போனதும் ஒரு பூவரச மரம், அடியில் துணி துவைக்கிற பெரிய கல். நிழல் சரியாகக் கல்மேல் விழுந்துகொண்டிருந்தது.

"குந்துங்கம்மா. அந்தம்மா இங்க குந்த வெக்கச் சொன்னாங்கோ" என்றார்.

மங்களமும் ஸ்டெல்லாவும் உட்கார்ந்தார்கள். நான் நின்றேன். மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானம் ஒன்று தலைக்குமேல் தாழப் பறந்துவந்தது, அதை வேடிக்கை பார்ப்பதுபோல் நின்றேன். எனக்குப் புரிந்துவிட்டது. நிழலும் வரப்பும் ஈரமும் எதற்கு என்று அங்கே நின்றபடியே புரிந்தது. எனக்கு யாரும் நாற்காலி போட்டுவைக்க வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அடுத்து ஏரிக்கரை. பாதி வழியிலேயே இடுப்பில் அந்த வலி ஆரம்பித்தது, எனக்குப் பழக்கமான வலிதான். இன்னும் கொஞ்ச தூரம் என்றால் நின்றுவிட வேண்டியிருக்கும். சரியாக அப்போது மதகு வந்தது. மதகுச் சுவரின்மேல் கோணிச் சாக்கை நான்காக மடித்துப் போட்டிருந்தது. இந்தமுறை உட்கார்ந்தேன். மற்றவர்களுக்காக உட்காருவதுபோல் உட்கார்ந்தேன்.

அதன் பிறகு அறுவடையான வயல்களுக்கு நடுவே வரப்பு. நெல் தாள் வெயிலில் காய்ந்து கிடந்தது. மறுபடியும் வலி வந்தது, மறுபடியும் சரியாக அங்கே ஒரு வேப்பமரமும் கல்லும் இருந்தன. நான்தான் முதலில் போய் உட்கார்ந்தேன். கல் ஒரு பக்கம் சாய்ந்தது, ஸ்டெல்லாவின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"பாத்தும்மா, பாத்து" என்று ஓடிவந்தார் தோட்டக்காரர். கல்லின் அடியில் மண்ணைக் காலால் தள்ளிவிட்டுச் சொன்னார். "இதுவும் அந்தம்மா வெக்கச் சொன்ன கல்லுதான். இன்னா அந்தம்மா! எத்தினி வாட்டி வந்தாங்கோன்றீங்க? பம்மல்லருந்து நடப்பாங்கோ. இங்க நிப்பாங்கோ, அங்க நிப்பாங்கோ, இங்க ஒண்ணு போடுன்னுவாங்கோ. அதுவும் எப்புடி நடந்தாங்கோ தெரியுமா? எடது கால்ல இம்மாம் ஒசரத்துக்கு அடி வெச்சுத் தெச்ச செருப்பு, வலது காலு வெறுங்காலு. ஏதோ வேண்டுதல்னு நெனைச்சுகினேன். கிறிஸ்டியன்ல அப்புடி ஒரு வேண்டுதல் கீதா இல்லியான்னு நமக்கு இன்னா தெரியும்? முட்டில கைய வெச்சு அமுக்கிகினு, இப்புடி..."

குனிந்து தன் வலது முழங்காலில் கையை வைத்துக் காட்டப்போனவர் அப்படியே நின்றுவிட்டார். என் கை என் முழங்காலில் இருந்தது. அவர் கண் அதன்மேல் நின்றது. நிமிர்ந்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போன ஞாயித்துக்கெழம, அதோ அங்க, செருப்பு மடங்கி வுழுந்துட்டாங்கோ" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

மங்களம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவர்களுக்கும் எதுவும் தெரியாது என்பது அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்குக் கோபம் வந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் காலை எடுத்து மாட்டிக்கொண்டு ஊர் வரப்பெல்லாம் நடக்க இவர் யார்? அந்தக் கோபம் கொஞ்ச நேரம்கூடத் தாங்கவில்லை. அழுகை வந்தது. என் இடுப்பு எந்த இடத்தில் வலிக்கும் என்று என் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அக்கா அதைத் தன் இடுப்பில் வரவழைத்துத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

"எழுந்திருங்க, வெயில் ஏறுது" என்றேன்.

தோட்டம் நன்றாகத்தான் இருந்தது. வாசலிலேயே எருக்குழி. மங்களம் மூக்கைப் பொத்தப்போனாள், அவ்வளவு நாற்றம் இல்லை, மழை பெய்த மண்போல ஒரு வாசனைதான். கத்தரியும் வெண்டையும் ஒரே பாத்தியில் கலந்து நின்றன, நடுநடுவே முள்ளங்கி, ஓரத்தில் துவரை. ஒரு கீரைப் பாத்தியை முழுதாகப் பூச்சிக்கே விட்டுவிட்டார்கள்போல, இலையெல்லாம் சல்லடை. "அதுங்களும் துன்னட்டும். இங்க துன்னா அங்க வராது" என்றார் தோட்டக்காரர். அவர் மனைவி சர்க்கரைவள்ளிக் கிழங்கை அவித்து வைத்திருந்தார். கிணற்றடியில் கனகாம்பரமும் செவ்வந்தியும், வேலியோரம் ஊதா நிறத்தில் டிசம்பர் பூவும். ஸ்டெல்லா கிணற்றில் இருந்து இறைத்த தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு, பம்பாயில் இதெல்லாம் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நாங்கள் பையும் மடியும் நிறையக் காய் பறித்தோம். ஓட்டை விழுந்ததாகப் பார்த்து நான் அக்காவுக்கென்று தனியாகப் பறித்தேன்.

திரும்பும்போது வேப்பமரம், மதகு, பூவரசு, மூன்று இடத்திலும் யாரும் சொல்லாமலே உட்கார்ந்தேன்.

நேராகக் கிழக்குத் தாம்பரம் போனோம். அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நுழைவதற்குள் கேள்விகள். பஸ்ஸில் இடம் கிடைத்ததா, கிழங்கு வெந்திருந்ததா, அந்தம்மா செவ்வந்தி கொடுத்தாளா, விமானம் தலைக்குமேல் போனதா. மங்களமும் ஸ்டெல்லாவும் போட்டிபோட்டுச் சொன்னார்கள். என்னை அவர் ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்ப்பதும் காயைப் புரட்டுவதுமாக இருந்தார். கேட்கப் பயப்படுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. பல் டாக்டரிடம்கூடப் பயப்படாத அக்கா.

மங்களமும் ஸ்டெல்லாவும் காபி போடச் சமையலறைக்குப் போனார்கள். நான் கட்டிலுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கட்டிலுக்கடியில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. அடியில் தோலை அடுக்கி அடுக்கித் தைத்த தடித்த செருப்பு. அதற்கு ஜோடி இல்லை. நான் அதைப் பார்த்ததை அக்கா பார்த்தார்.

"அக்கா" என்றேன்.

"ம்?"

"வேப்பமரத்துக் கல் ஆடுது."

அக்கா பெருமூச்சு விட்டார்.

"ஆடுதா? அடியில ஒரு செங்கல்லை வெச்சு அடைங்கன்னு அவர்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

"மத்த ரெண்டும் நல்லாயிருக்கு. சாக்குகூடச் சுத்தமாயிருந்தது." நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டேன். "உங்க கட்டைப் பிரிச்சதும் நாம மறுபடியும் போகணும்க்கா. உங்களுக்கு அந்தக் கல்லெல்லாம் போதுமான்னு தெரியலை. நான் முன்னாடி போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்."

அவர் கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. என் காலை உற்றுப் பார்த்தார். பழகிய இத்தனை வருஷத்தில் அவர் என் காலை நேராகப் பார்த்ததே இல்லை.

"கணுக்கால்ல வீங்கியிருக்கு பாரு. தொங்கப் போடாதே, தூக்கி வை" என்று அதட்டினார்.

அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு ஸ்டூல்தான். அக்கா மாவுக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார். நான் என் காலைத் தூக்கி அதன் பக்கத்தில் வைத்தேன்.